"இப்போது வேண்டாம்" என்று சொன்ன தளபதி



இம்மாதப் பாடத்துக்கு ஒரு பட்டாளத்துக்காரரை எடுத்துக்கொண்டிருக்கிறோம். "நம்ம குழுவுக்கும் துப்பாக்கிக்கும் இன்னா சம்பந்தம்?" என்று சிலர் கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. பழைய வட ஆற்காடு மாவட்டம் பட்டாளத்துக்கு ஆள் கொடுத்த மாவட்டம். 1989 வரை நம் திருவண்ணாமலையும் அதில்தான் இருந்தது. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். அங்கே வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பார், அல்லது இருந்திருப்பார் என்று பெயர். நம் ரமணாசிரமம் பகுதிக் குழுக்களிலும் பட்டாளத்துக்காரர் மனைவி, பட்டாளத்துக்காரர் அம்மா என்று எத்தனையோ உறுப்பினர்கள். லீவில் வரும் கணவர் திரும்பிப் போனதும் பிள்ளை படிப்பு, மாமியார் வைத்தியம், வீட்டுக் கடன் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்ப்பவர்கள் அவர்கள்.

ஆசிரமத்துக்குள்ளேயே ஒரு பட்டாளத்து அதிகாரியின் சமாதி இருப்பது உள்ளூரில் பலருக்குத் தெரியாது. மேஜர் சாட்விக் என்ற ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தவர், 1935-ல் இங்கே வந்தார். 1962-ல் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். அவர் கதை வேறு. அவர் பட்டாளத்தை விட்டுவிட்டு வந்தவர். நாம் இன்று பார்க்கப்போவது நாற்பது ஆண்டு பட்டாளத்திலேயே இருந்து, தலைமை என்றால் என்ன என்று கடைசிவரை பேசிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி. அவரும் கடைசிக் காலத்தை நம் தமிழ்நாட்டில்தான், நீலகிரி குன்னூரில்தான் கழித்தார்.

அவர் பெயர் சாம் மானெக்‌ஷா. 2023 டிசம்பரில் "சாம் பகதூர்" என்று இந்திப் படம் வந்ததே, அவர்தான்.

யார் இவர்?

1914 ஏப்ரல் 3-ல் பஞ்சாப் அமிர்தசரஸில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். அப்பா டாக்டர். மகனுக்கும் டாக்டர் ஆசை. இங்கிலாந்துக்கு அனுப்பு என்று கேட்டிருக்கிறார். "உனக்கு இன்னும் வயசு பத்தாது" என்று அப்பா மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் போய் ராணுவப் பயிற்சிக்கான தேர்வை எழுதினார். டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி 1932-ல் தொடங்கியபோது முதல் அணியில் சேர்ந்த 40 பேரில் இவர் ஒருவர். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போன பையன் நாட்டின் முதல் ஃபீல்டு மார்ஷல் ஆனான். (இதைப் படித்துவிட்டு நம் பிள்ளைகள் நம்மோடு சண்டைக்கு வந்தால் நாம் பொறுப்பில்லை!)

1942 பிப்ரவரியில் பர்மாவில் சிட்டாங் ஆற்றங்கரையில் ஜப்பானியரோடு சண்டை. மானெக்‌ஷாவின் வயிற்றிலும் நுரையீரலிலும் குண்டுகள் பாய்ந்தன. பிழைக்கமாட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவருடைய படைத்தலைவர், செத்தவருக்கு அந்தப் பதக்கம் கொடுக்க முடியாது என்பதால், தன் சட்டையில் இருந்த வீரப் பதக்கத்தின் ரிப்பனைக் கழற்றி அங்கேயே இவருக்குக் குத்திவிட்டார் என்பார்கள். காப்பாற்றியது பதக்கமல்ல. ஷேர் சிங் என்ற உதவியாள் சிப்பாய் அவரைத் தூக்கிக்கொண்டு போய் டாக்டரிடம் சேர்த்தார். அந்த ஒரு மனிதர் அன்று தயங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. தன் கீழே இருப்பவர்களைப் பற்றி மானெக்‌ஷா வாழ்நாள் முழுக்க மரியாதையோடு பேசியதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது.

நாடு பிரிந்தபோது இவர் இருந்த படைப்பிரிவு பாகிஸ்தானுக்குப் போயிற்று. இவர் கூர்க்கா படைக்கு வந்தார். 1969 ஜூனில் தரைப்படைத் தலைமைத் தளபதி ஆனார்.

அந்த ஏப்ரல் கூட்டம்

இந்தப் பாடத்தின் முக்கியமான இடம் இது. சற்று நிதானமாகப் படியுங்கள்.

1971 மார்ச் 25 இரவு, அப்போது கிழக்கு பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்காள தேசத்தில் பாகிஸ்தான் ராணுவம் சொந்த மக்கள்மேலேயே பாய்ந்தது. உயிர் தப்பினால் போதும் என்று லட்சக்கணக்கானோர் எல்லையைத் தாண்டி இந்தியாவுக்கு ஓடிவந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த எண்ணிக்கை ஒரு கோடியை நெருங்கியது. எல்லை மாநிலங்களின் முதலமைச்சர்கள் டெல்லிக்குத் தந்தி மேல் தந்தி அடித்தார்கள்.

ஏப்ரல் கடைசியில் பிரதமர் இந்திரா காந்தி அமைச்சர்களைக் கூட்டினார். மானெக்‌ஷாவையும் கூப்பிட்டார். ராணுவம் உடனே உள்ளே போக வேண்டும் என்பது பேச்சு. பிரதமரே கோபமாக இருக்கிறார், சுற்றிலும் மூத்த அமைச்சர்கள். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு தளபதி சொன்ன பதில், இப்போது முடியாது என்பது.

வெறும் "முடியாது" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கணக்கு வைத்திருந்தார். இன்னும் சில வாரங்களில் அங்கே பருவமழை பிடித்துக்கொள்ளும். அது ஆறுகளின் நாடு. மழை வந்தால் ஆறு கடல் மாதிரி ஆகிவிடும், படை சாலையை விட்டு இறங்க முடியாது, விமானமும் உதவிக்கு வராது. இது முதல் காரணம். கோடை வந்தால் இமயமலையில் பனி உருகிக் கணவாய்கள் திறக்கும். சீனா அந்தப் பக்கம் நெருக்கினால் இரண்டு பக்கமும் சண்டை போட வேண்டியிருக்கும். பனி மூடும் குளிர்காலம்தான் நமக்குத் தோது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அறுவடை நடக்கிறது, படையை நகர்த்த எல்லா ரயிலையும் லாரியையும் எடுத்துக்கொண்டால் விளைந்த கோதுமை வயலிலேயே கிடக்கும், நாட்டில் பஞ்சம் வந்தால் பழி யாருக்கு? கவசப் படைப் பிரிவில் போருக்குத் தயாராக இருந்த டாங்கிகள் வெறும் 13. ஏன் இவ்வளவு குறைவு என்று நிதி அமைச்சர் கேட்டாராம். ஒரு வருஷமாகப் பணம் கேட்கிறேன், நீங்கள்தானே இல்லை என்கிறீர்கள் என்று அவருக்கே திருப்பிக் கொடுத்தாராம் தளபதி.

அடுத்துச் சொன்னது இன்னும் முக்கியம். இன்றைக்கே போ என்றால் தோல்வி நிச்சயம், எனக்கு வேண்டிய காலத்தைக் கொடுத்தால் வெற்றிக்கு நான் பொறுப்பு என்றார். கூட்டம் முடிந்து பிரதமரோடு தனியாக இருந்தபோது, உடம்பு சரியில்லை என்றோ மனசு சரியில்லை என்றோ காரணம் போட்டு ராஜினாமா தரவா என்றும் கேட்டாராம். பிரதமர் ராஜினாமாவை வாங்கவில்லை. கேட்ட காலத்தைக் கொடுத்தார்.

இந்தக் கதையை மானெக்‌ஷாவே பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவர் கதை சொல்வதில் கெட்டிக்காரர். சொல்லச் சொல்லக் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கும், உடனே போருக்குப் போக வேண்டாம் என்பது பிரதமருக்கும் முன்பே தெரிந்துதான் இருந்தது என்று சொல்லும் வரலாற்று ஆராய்ச்சியாளர்களும் உண்டு. அது அவர்கள் வாதம். ஆனால் காத்திருந்தது உண்மை, காத்திருந்த காலத்தில் வேலை நடந்ததும் உண்மை. எல்லைப் பக்கம் சாலை போட்டார்கள். அரிசி, எரிபொருள், குண்டு, மருந்து எல்லாம் முன்கூட்டியே கொண்டுபோய் அடுக்கினார்கள். கடற்படை, விமானப்படைத் தளபதிகளோடு உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானதளங்களைத் தாக்கின, போர் தொடங்கியது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. 13 நாள். சிறைப்பட்டவர்கள் சுமார் 93,000 பேர். வங்காள தேசம் என்று ஒரு நாடு பிறந்தது.

இதில் நமக்கு என்ன?

நம் பகுதியில் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். குழுவின் பெயர் வேண்டாம், கேட்டால் அடையாளம் தெரிந்துவிடும்.

தீபத்துக்கு மூன்று வாரம் இருந்தது. குழுவில் 14 பேர். பாதிப்பேருக்குக் கிரிவலப் பாதையில்தான் பிழைப்பு. அகல் விளக்கு, பூ, பொரி, டீ, டிபன் என்று ஆளுக்கொரு வியாபாரம். அந்த நேரம் பார்த்து ஒரு தனியார் கடன் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தார். "ஆளுக்கு முப்பதாயிரம்கா. ஆதார் கார்டு மட்டும் குடுங்க. ரெண்டு நாள்ல அக்கவுண்ட்ல ஏறிடும். எல்லாரும் கையெழுத்துப் போடணும், அவ்ளோதான்." ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதை அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

உறுப்பினர்கள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தீபத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும், சரக்கு வாங்கிப் போட்டால் அள்ளிவிடலாம் என்று ஆளாளுக்குப் பேச்சு. தலைவி பேசாமல் கடன் லெட்ஜரை எடுத்துவரச் சொன்னார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஐந்து பேருக்கு ஏற்கெனவே வெளியே வாரத் தவணை ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேருக்கு உள்கடன் பாக்கி. முப்பதாயிரத்துக்கு வாரம் 650 ரூபாய் வீதம் 52 வாரம் கட்ட வேண்டும் என்று அந்தத் தம்பியே சொல்லியிருந்தார்.

"தீபம் பத்து நாளு. தவணை அம்பத்திரண்டு வாரம். மார்கழில யாரு இங்க வந்து அகல் விளக்கு வாங்கப் போறா?" என்று கேட்டார் தலைவி. "இப்ப வாணாம். நம்ம சேமிப்புல நாப்பதாயிரத்துக்கு மேல கீது. ஆளுக்கு மூவாயிரம் உள்கடன் போட்டுக்கலாம். தீபம் முடிஞ்சதும் அதைக் கட்டிடணும். பழைய பாக்கியும் பொங்கலுக்குள்ள முடியணும். தை பொறந்ததும் பேங்குல கேக்கலாம், நானே மேனேஜரப் பாக்கறேன். நடக்கலன்னா என்னை எடுத்துட்டு வேற ஆளப் போட்டுக்குங்க."

கூட்டம் அமைதியாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். "உனக்கின்னாக்கா, உன் வீட்டுக்காரர் மாசச் சம்பளக்காரர்" என்று ஒரு உறுப்பினர் முகத்துக்கு நேரே சொன்னார். இரண்டு பேர் எழுந்து போய் வேறு ஆட்களோடு சேர்ந்து அந்தக் கடனை வாங்கினார்கள். மீதி 12 பேரும் உள்கடனோடு தீப வியாபாரம் பார்த்தார்கள். வங்கிக் கடனும் தலைவி சொன்ன மாதிரி தையில் வந்துவிடவில்லை, அலைந்து அலைந்து பங்குனியில்தான் வந்தது. ஆனால் வந்தபோது 12 பேரில் ஒருவருக்கும் பழைய பாக்கி இல்லை. விலகிப்போன இருவரில் ஒருவர் திரும்பி வந்தார். இன்னொருவர் இப்போதும் தலைவியோடு பேசுவதில்லை.

அந்தத் தலைவிக்கு மானெக்‌ஷா யாரென்று தெரியாது. ஆனால் இருவரும் செய்தது ஒன்றுதான். இருவருமே "வேண்டாம்" என்று சொல்லவில்லை, "இப்போது வேண்டாம்" என்றார்கள். ஏன் என்பதைக் கணக்கோடு சொன்னார்கள். எப்போது என்பதற்கு ஒரு காலம் சொன்னார்கள். அதுவரை என்ன செய்வது என்பதையும் சொன்னார்கள். நடக்காவிட்டால் தன் பதவியை எடுத்துக்கொள் என்று பொறுப்பைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டார்கள். இதில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் தட்டிக்கழிப்பாகிவிடும். "மேல கேட்டுச் சொல்றேன்", "பாக்கலாம்", "அடுத்த மாசம் பேசிக்கலாம்" என்று நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோமே, அவற்றில் கணக்கும் இல்லை, காலமும் இல்லை, பொறுப்பும் இல்லை.

ஒரு தகவலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய நுண்கடன் விதிகளின்படி, ஒரு குடும்பம் மாதாமாதம் கட்டும் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடன் கொடுப்பவர்தான் இதைப் பார்க்க வேண்டும். அவர் பார்க்காவிட்டாலும் நாம் பார்க்கலாம். லெட்ஜர் நம்மிடம்தானே இருக்கிறது.

பூம்பூம் மாடு

வெலிங்டன் ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் 1998-ல் இளம் அதிகாரிகளுக்குத் தலைமையைப் பற்றி மானெக்‌ஷா ஓர் உரை ஆற்றினார். அப்போது அவருக்கு வயது 84. முதலில் தொழில் தெரிந்திருக்க வேண்டும், தெரியாதவனை யாரும் மதிக்கமாட்டார்கள் என்றார். முடிவெடுத்தால் அதன் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்றார். எல்லாவற்றையும்விட அவர் அழுத்திச் சொன்னது, எதற்கும் "ஆமாம் சார்" போடுகிறவன் ஆபத்தானவன் என்பது. அப்படிப்பட்டவன் மேலே மேலே போகலாம், ஆனால் ஒருநாளும் தலைவனாக முடியாது, கீழே இருப்பவர்கள் அவனை மதிக்கமாட்டார்கள் என்பது அவர் கருத்து.

நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் பூம்பூம் மாடு. வங்கியில் மேனேஜர் சொன்னாலும் தலையாட்டல், கூட்டமைப்பில் சொன்னாலும் தலையாட்டல், கட்சிக்காரர் கூட்டத்துக்கு ஆள் கேட்டு வந்தாலும் தலையாட்டல். இது தலைவிகளுக்கு மட்டும் இல்லை. தலைவி எதைச் சொன்னாலும் "சரிக்கா, நீ பாத்து செய்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துபோகும் உறுப்பினருக்கும் பொருந்தும். தலைவி தப்பான இடத்தில் கால் வைக்கும்போது "அக்கா, இது எனக்குச் சரியாப் படல" என்று ஒரு குரல் வராத குழு நல்ல குழு என்று நாம் சொல்லமாட்டோம், தரமதிப்பீட்டில் எத்தனை மதிப்பெண் வாங்கியிருந்தாலும்.

பயம் எல்லோருக்கும் உண்டு

அந்த உரையில் அவர் சொன்ன ஒரு கதை நமக்கு ரொம்பப் பிடித்தது. பர்மா போர்க்காலம். அவர் கம்பெனியில் ஆட்டம் காட்டும் ஒரு சீக்கிய வீரர். பதவி உயர்வுப் பட்டியலில் தன் பெயர் இல்லை என்றதும், மானெக்‌ஷாவை இன்று ராத்திரி சுட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். சுபேதார் ஓடிவந்து சொன்னார். மானெக்‌ஷா எல்லோரையும் கூட்டி, அந்த வீரரை முன்னால் வரச் சொல்லி, குண்டு போட்ட தன் கைத்துப்பாக்கியையே அவர் கையில் கொடுத்தார். சுடு என்றார். அந்த ஆள் சுடவில்லை. சரி போ என்று அனுப்பிவிட்டார்.

கதை அதோடு முடியவில்லை. சுபேதாருக்கு மனசு ஆறவில்லை, அவன் சுடத்தான் போகிறான் என்றார். மானெக்‌ஷா அந்த வீரரையே கூப்பிட்டு, இன்று ராத்திரி என் கூடாரத்துக்கு நீதான் காவல், காலை ஐந்தரைக்கு எனக்கு டீயும் சவரம் செய்யத் தண்ணீரும் கொண்டுவா என்று சொல்லிவிட்டார். ராத்திரி முழுக்கப் பயத்தில் தூக்கமே வரவில்லை என்று மானெக்‌ஷாவே சொல்கிறார். காலை ஐந்தரைக்கு அந்த வீரர் டீயோடு வந்து நின்றார். அதற்குப் பிறகு போர் முழுக்க நிழல் மாதிரி அவர் பின்னாலேயே இருந்தாராம்.

பயப்படாத தலைவர் என்று யாரும் இல்லை. பயத்தை மற்றவர்கள் பார்க்கும்படி வைக்காமல் இருப்பதுதான் தலைவர் வேலை என்பது அவர் வாதம். நமக்குத் துப்பாக்கி வேண்டாம். தவணை கட்டாமல் சண்டைக்கு நிற்கும் உறுப்பினரிடம் அடுத்த மாத வசூல் நோட்டைக் கொடுத்துப் பாருங்கள். வேலை செய்யும் என்று உறுதி சொல்லமாட்டோம், ஆனால் ஒதுக்கிவைப்பதைவிட நல்லது.

மேடையில் யார்?

டாக்காவில் சரணாகதிப் பத்திரத்தில் பாகிஸ்தான் தரப்பில் ஜெனரல் நியாஸி கையெழுத்துப் போட, பக்கத்தில் உட்கார்ந்து அதை வாங்கிக்கொள்பவர் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோரா. புகழ்பெற்ற படம், பள்ளிக்கூடப் புத்தகத்தில்கூடப் பார்த்திருப்பீர்கள். மானெக்‌ஷா அதில் இல்லை. சரணாகதியை வாங்கப் போகவும் இல்லை. கிழக்கே படையை நடத்தியவர் அரோரா, எனவே அந்த இடம் அவருடையது என்று விட்டுவிட்டார்.

நம் விழாக்களை நினைத்துப் பாருங்கள். கலெக்டர் கையால் சுழல்நிதிக் காசோலை வாங்க மேடையேறுவது யார்? கண்காட்சியில் ஸ்டால் போட்டு வெயிலில் காய்ந்தது யார்? இந்தச் செய்திமடலுக்கு வரும் போட்டோக்களைப் பார்க்கும்போது நமக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. பத்துப் போட்டோவிலும் ஒரே முகம்.

இன்னொன்று, அவரிடம் நமக்குப் பிடிக்காதது. அவருக்கு நாக்கு கொஞ்சம் நீளம். கிண்டலும் கேலியுமாக எல்லோரையும் பற்றிப் பேசுவார். வெலிங்டன் கல்லூரிக்குத் தலைவராக இருந்த காலத்தில் இந்தப் பேச்சுகளைச் சேர்த்து வைத்து, இவர் நாட்டுப்பற்று இல்லாதவர் என்றே புகார் கிளப்பி விசாரணை வைத்தார்கள். விசாரணையில் குற்றம் இல்லை என்று முடிவானது. ஆனால் அந்த நாட்களில் அவர் உத்தியோகமே தொங்கலில் இருந்தது. தலைவர் விளையாட்டாகச் சொல்லும் ஒரு வார்த்தை நாலு வீடு தாண்டுவதற்குள் வேறு உருவம் எடுத்துவிடும். நமக்குத் தெரியாதா என்ன?

விசாரணையிலிருந்து மீண்ட கொஞ்ச நாளில் 1962 சீனப் போர் தோல்வி. மனம் உடைந்து பின்வாங்கிக்கொண்டிருந்த படையைத் தூக்கி நிறுத்த அசாம் தேஜ்பூருக்கு அனுப்பப்பட்டவர் அவர்தான். போன உடனே ஓர் உத்தரவு போட்டார். எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் யாரும் பின்வாங்கக் கூடாது, அப்படி ஓர் உத்தரவு வரவே வராது என்று. தீர்மானத்தை எழுத்தில் வைப்பதன் பலம் இதுதான்.

பெண்களும் பட்டாளமும்

1971 போரில் கிழக்கு வங்கத்துப் பெண்கள் பட்ட கொடுமை சொல்லி மாளாது. பிறகு அந்த நாட்டு அரசு அவர்களுக்கு "பீராங்கனா", அதாவது வீராங்கனை, என்று பட்டம் கொடுத்தது. நம் படை உள்ளே போகும்போது, எந்தப் பெண்ணைக் கண்டாலும் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிப் போக வேண்டும் என்று மானெக்‌ஷா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். ஜெயித்த படைக்குக் கடிவாளம் போடுவது தோற்ற படையைத் தூக்கி நிறுத்துவதைவிடக் கஷ்டம் என்று நினைக்கிறோம்.

மானெக்‌ஷா பிறந்த அதே 1914-ல் சென்னையில் பிறந்தவர் கேப்டன் லட்சுமி. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் 1943-ல் ஜான்சி ராணி படையை நடத்தியவர். அதில் சேர்ந்த பெண்களில் மிகப் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், நம் மாதிரிக் கூலி வேலை செய்தவர்கள். ஆனாலும் சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் நர்ஸ், டாக்டர் வேலை தவிர்த்த மற்றப் பிரிவுகளில் பெண்கள் அதிகாரியாகச் சேர 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது சென்னை பரங்கிமலை அகாடமி. ஆண்களைப் போல ஓய்வு வயது வரை வேலை வேண்டும் என்று அவர்கள் கோர்ட்டுக்குப் போய், 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. புனேயில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமியில் 2022-ல் சேர்ந்த முதல் பெண்கள் அணி 2025 மே மாதம் பயிற்சி முடித்தது. பிளஸ் டூ படிக்கும் பெண் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

பாக்கிக் கணக்கு

மானெக்‌ஷா 1973 ஜனவரியில் ஃபீல்டு மார்ஷல் ஆனார். அந்தப் பதவிக்கு ஓய்வே கிடையாது, சாகும்வரை ராணுவ அதிகாரிதான். ஆனால் அதற்குரிய சம்பளம் அவருக்கு ஒழுங்காக வரவில்லை. 2007-ல், அவருக்கு 90 வயது தாண்டிய பிறகுதான், பழைய பாக்கி என்று ஒரு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகைக்குக் காசோலை வந்து சேர்ந்தது. அதை அனுபவிக்க அவருக்கு அதிக நாள் இல்லை. 2008 ஜூன் 27-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். ஊட்டியில் மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். நாட்டின் உச்சப் பதவிகளில் இருந்தவர்கள் யாரும் வரவில்லை என்று அப்போதே பலரும் குறைப்பட்டார்கள். ஃபீல்டு மார்ஷலுக்கே பாக்கி வைத்த ஊர் இது. நம் முதியோர் உதவித்தொகை நின்றுபோனால் நாலு முறை நடக்க வேண்டியிருப்பது ஆச்சரியமில்லை.

எனவே பட்டாளத்துக்காரர் வீட்டு உறுப்பினர்கள் ஒரு வேலை செய்யுங்கள். கணவரின் ஓய்வூதிய ஆணையை எடுத்து, மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது ராணுவ ஓய்வூதியம் "ஸ்பர்ஷ்" என்ற கணினி முறையில் வருகிறது. வருஷத்துக்கு ஒருமுறை உயிர்ச் சான்று கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கணவர் உயிரோடு இருக்கும்போதே திருத்துவது சுலபம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் உதவுவார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பாடத்தை ஒருவர் சத்தமாகப் படியுங்கள், எழுத்துக் கூட்டிப் படிப்பவராக இருந்தாலும் பரவாயில்லை. படித்த பிறகு பேசுவதற்கு இரண்டு கேள்விகள். நம் குழுவில் கடந்த ஒரு வருஷத்தில் யாராவது, எதற்காவது "இப்போது வேண்டாம்" என்று சொன்னதுண்டா, அப்போது மற்றவர்கள் என்ன செய்தோம்? இன்றைய தேதியில் குழுவில் எத்தனை பேருக்கு வெளியே வாரத் தவணை ஓடுகிறது, ஆளுக்கு எவ்வளவு? இரண்டாவது கேள்விக்கு வாய்ப்பேச்சாகப் பதில் வேண்டாம். ஆளுக்கொரு வரியாகத் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி, கூட்டமைப்பு மாதக் கூட்டத்துக்கு வரும்போது கையோடு கொண்டுவாருங்கள்.